தோட்டப் பாடசாலை யாருடையது?

மஸ்கெலியா, சாமிமலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று ஊர்ப்பெயர் மாறும், செய்தி மாறாது. பாடசாலை வாயிலை மறித்துப் பெற்றோர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், வலயக் கல்விப் பணிமனை அதிகாரிகள் வந்து பேசியதும் கலைந்து போனார்கள் என்று நாளிதழ்களின் மலையகப் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறோம். கோரிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். ஓரிடத்தில் கணிதம் படிப்பிக்க ஆளில்லை, ஆசிரியரை அனுப்புங்கள் என்கிறார்கள். இன்னோரிடத்தில் இருக்கிற ஆசிரியரை இடமாற்றாதீர்கள் என்கிறார்கள். வேறோரிடத்தில் இந்த அதிபரே வேண்டாம் என்கிறார்கள். ஆசிரியர் தரப்புப் பேச்சு வேறு விதம்: பிள்ளை பத்து நாள் வராவிட்டாலும் ஏன் என்று கேட்க வீட்டில் ஆளில்லை, கூட்டம் வைத்தால் கால்வாசிப் பேர்கூட வருவதில்லை, கொப்பி வாங்க மனமில்லாதவர்கள் திருவிழாவுக்குக் கடன் வாங்குகிறார்கள். இரு தரப்பும் எதிர்த் தரப்பின் குணத்தைப் பற்றியே பேசுகின்றன. குணத்தை வைத்து இந்தப் பிணக்கை விளக்க முடியாது என்பது என் கருத்து. தோட்டப் பாடசாலை உருவான விதத்திலேயே பெற்றோருக்கு இடம் வைக்கப்படவில்லை. இன்றும் சம்பளத்தை இழக்காமல் ஒரு தொழிலாளித் தாய் அதற்குள் காலெடுத்து வைக்க முடியாது. பிள்ளைக்கு என்ன தேவை என்பதை இருவரும் உட்கார்ந்து பேச நேரமும் இடமும் இல்லாதபோது அந்தப் பேச்சு பழியாகவோ ஆர்ப்பாட்டமாகவோ வெடிக்கிறது.

இந்தப் பாடசாலைகளின் பிறப்பை நினைவுகூராமல் மேலே செல்ல முடியாது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு அருகே ஒரு கொட்டகை, அதில் ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்புக்குக் குறைந்த படிப்பு என்பதுதான் தொடக்கம். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயதுவரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. பொறுப்பு துரைக்கு, சம்பளம் துரையின் கையால், கட்டடமும் துரையினுடையது. ஆகவே வாத்தியார் பதில் சொல்ல வேண்டியவரும் துரைதான். பிள்ளையின் தாய்தகப்பனுக்கு அந்த ஏற்பாட்டில் எந்தப் பாத்திரமும் இல்லை. கொழுந்து பறிக்கவும் பிள்ளையை அனுப்பவும் மட்டுமே அவர்கள். 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டை மாற்றியபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. தோட்டங்கள் கட்டடமும் காணியும் தந்தால் அரசு பொறுப்பேற்கும் என்ற 1947ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிட்டது. அதே 1947 தேர்தலில் மஸ்கெலியா மக்கள் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களது வாக்கைப் பறித்தன. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு சுவீகரித்தபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. வாக்கில்லாத பெற்றோரின் பிள்ளைகளுடைய பாடசாலைக்காகக் குரல் கொடுக்க எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை. ஆய்வாளர் ஆஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட மலையகக் கல்வி பற்றிய நூலில் இந்தக் கண்ணியைத்தான் விரிவாக ஆராய்கிறார்: தோட்டக் கல்வியின் வளர்ச்சியும் தேக்கமும் அம்மக்களின் அரசியல் பலத்தோடு ஏறி இறங்கியிருக்கின்றன.

தோட்டங்கள் தேசியமயமானபின், 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 1980களுக்குள் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூவுறுப்பினர் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவாகி அமைச்சரவைக்குச் சென்றதும் பிரஜாவுரிமைப் பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்ததும் இந்த மாற்றத்துக்கு உந்துதல். சுவீடன் உதவியோடு 1986இல் தொடங்கிய அபிவிருத்தித் திட்டம் கட்டடங்களையும் பயிற்சியையும் தந்தது. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே ஆயிரக்கணக்கில் ஆசிரியர் நியமனம் பெற்றார்கள். இது பெரிய சாதனை. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் சாதனையின் உள்ளே ஒரு வெற்றிடம் இருந்தது. துரையிடமிருந்து பாடசாலை கல்வித் திணைக்களத்துக்குக் கைமாறியது; பெற்றோரின் நிலை மாறவில்லை. ஆசிரியர் பதில் சொல்ல வேண்டிய இடம் மட்டும் தோட்ட அலுவலகத்திலிருந்து ஹட்டன் வலயக் கல்விப் பணிமனைக்கு இடம்பெயர்ந்தது. அதோடு எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. தொழிலாளியின் மகனோ மகளோ ஆசிரியராகும்போது லயத்தைவிட்டு மஸ்கெலியா நகரிலோ ஹட்டனிலோ கொட்டகலையிலோ குடியேறுவதும், தம் பிள்ளைகளை நகரப் பாடசாலைகளில் சேர்ப்பதும் இயல்பு. அதற்காக யாரையும் பழிக்க முடியாது. லயத்திலிருந்து வெளியேறுவதற்குத்தானே தாய்தகப்பன் படிக்க வைத்தார்கள். ஆனாலும் லயத்தில் நிற்கிற தாய் இதைக் கவனிக்கிறாள். தன் பிள்ளையை இங்கே அனுப்பாத ஆசிரியர் என் பிள்ளைக்கு இந்தப் பாடசாலை போதும் என்கிறாரே என்று அவள் மனதில் எழும் கேள்விக்கு அதிகாரிகளின் அறிக்கைகளில் விடை கிடையாது. இளைய ஆசிரியர்களின் நிலையும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 2010களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 3,000 பேர் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக எடுக்கப்பட்டபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் 10,000 ஆயிற்று. பஸ் காசுக்கே போதாத அந்தத் தொகையோடு மலையேறி வந்தவரிடம் பெற்றோர் குறைகூறும்போது அவர் கசப்போடு பதில் சொல்வது புரிந்துகொள்ளக்கூடியது.

அன்றாடச் சிக்கலின் மையம் நேரம். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்கு ஏறும் பெண் மாலை நிறுவை முடியும்வரை திரும்ப மாட்டாள். பாடசாலை திறந்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவளுடைய வேலை நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. பகல் பத்து மணிக்கு அதிபர் கூட்டம் வைத்தால் அவளுக்கு அது அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், அல்லது பேரே இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்புகளில் இருந்தால் தவணைக்கு மூன்று கூட்டம். அரச ஊழியரோ வங்கி ஊழியரோ தம் பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கு லீவு எடுத்தால் மாதச் சம்பளத்தில் பெரும்பாலும் கை வைக்கப்படுவதில்லை. நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகைக்கும் விலை உண்டு. வருகைப் பதிவேட்டில் காலியாக இருக்கும் கையொப்ப இடங்களை அக்கறையின் அளவுகோலாக எடுப்பவர்கள் இந்த விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னும் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குத் தாய் மத்திய கிழக்கிலும் தகப்பன் கொழும்புக் கடையிலும் இருக்க, பொறுப்பு பாட்டியிடம். பாடசாலை அனுப்பும் கடிதத்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவது பிள்ளைதான். எதை வாசிப்பது, எதை விடுவது என்பதும் பிள்ளையின் விருப்பம்.

இந்த விலை எப்படிப் பிணக்காக மாறுகிறது என்பதற்குக் கண்பார்வையை உதாரணமாக எடுத்துப் பார்க்கலாம். இலங்கையில் 1, 4, 7, 10ஆம் ஆண்டுகளில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை உண்டு. நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒன்றுக்குப் பார்வைக் குறை இருப்பது தெரிந்து, கண் சிகிச்சைக்குப் போகும்படி துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். பெற்றோர் நாளிழந்து, பஸ் பிடித்து, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டும். இன்னொரு நாள் கண்ணாடிக்கு. நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமாக இருந்தால் மஸ்கெலியா நகரம் வருவதற்கே ஒரு பஸ். கொழுந்து கொழிக்கும் மாதத்தில் இரண்டு நாள் இழப்பது ஒரு குடும்பத்துக்குச் சிறிய விடயமில்லை, ஆகவே தள்ளிப்போகிறது. அடுத்த தவணையிலும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறுகிறது. வகுப்பில் நாற்பது பேரை வைத்து ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்செய்யும் ஆசிரியர், துண்டு கொடுத்தும் கவனிக்காத பெற்றோர் என்று முடிவுகட்டுகிறார். பெற்றோரோ பிள்ளை பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருப்பதை அறிந்து, கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டுகிறார்கள். இருவரும் ஒரே குறைபாட்டின் இரு முனைகளில் நிற்கிறார்கள். நடுவில் நிற்க வேண்டிய ஏற்பாடு கிடையாது. பசியும் இப்படித்தான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். அந்தக் குழந்தைகள்தாம் இன்று வகுப்பறைகளில் இருக்கிறார்கள். கவனம் சிதறும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஆசிரியர் நினைப்பதும், பிள்ளையைத் திட்டுகிறார் என்று தாய் நினைப்பதும், இருவருக்கும் முந்திய ஒரு குறையிலிருந்து கிளைத்தவை. மெதுவாகக் கற்கும் பிள்ளைகள், காது கேட்பதில் குறையுள்ள பிள்ளைகள் என்றால் நிலைமை இன்னும் மோசம். விசேட கல்வி அலகு உள்ள பாடசாலை பெரும்பாலான தோட்டங்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. மக்கு என்ற ஒரே சொல்லில் அந்தப் பிள்ளையின் கணக்கு முடிக்கப்படுகிறது, சிலவேளை வீட்டிலும்.

பெற்றோரும் ஆசிரியரும் மோதுவது எங்கும் உள்ளதே என்று சிலர் சொல்லலாம். 1932இல் வில்லார்ட் வாலர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதற்கு ஒரு காரணம் சொன்னார்: பெற்றோருக்குத் தம் ஒரு பிள்ளை, ஆசிரியருக்கு முழு வகுப்பு, ஆகவே இரு தரப்பும் கேட்பது வேறுவேறு. இதில் உண்மை உண்டு. ஆனால் மஸ்கெலியாவுக்குப் பொருந்துவது அதைவிட அனெட் லாரோ என்ற சமூகவியலாளர் 1980களின் இறுதியில் கண்டது. வசதியுள்ள பெற்றோர் பாடசாலைக்குள் நுழைந்து, கேள்வி கேட்டு, தம் பிள்ளைக்கு வேண்டியதைப் பெறுகிறார்கள். உழைக்கும் வர்க்கப் பெற்றோர் படிப்பு ஆசிரியரின் வேலை என்று முழு நம்பிக்கையோடு ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அந்த ஒதுங்கலை ஆசிரியர்கள் அலட்சியம் என்று வாசிக்கிறார்கள். நம் தோட்டங்களில் 'சேர்', 'டீச்சர்' என்ற விளியில் இருக்கும் பயபக்தியும் இந்த ஒப்படைப்பின் பகுதிதான். 'கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சேர்' என்று பிள்ளையை ஒப்படைத்த தலைமுறை அதைச் சொன்னது அலட்சியத்தால் அல்ல.

அந்த ஒப்படைப்பு உடைந்துகொண்டிருப்பதைத் தண்டனை விவகாரத்தில் தெளிவாகக் காணலாம். உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலும், அதைப் புதுப்பித்தது 2016இலும் வந்தன. தென்பகுதிப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் மாணவனை அறைந்த வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறலாகக் கண்டு, அரசையும் அந்த ஆசிரியரையும் நட்டஈடு செலுத்தச் சொன்னது. இன்று தோட்டத்து இளம் பெற்றோருக்கு 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் தெரியும். பிள்ளையின் கையில் தழும்பைக் கண்டால் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறார்கள். கை கட்டப்பட்டால் ஒழுக்கம் எப்படி வரும் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மலையகத்தில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் உறைப்பு உண்டு, பெற்றோர்களில் ஒரு பகுதியினரே இன்னும் அடிக்கச் சொல்கிறார்கள். என் நிலைப்பாட்டில் தயக்கமில்லை: பிள்ளையை அடிப்பது பிழை, சட்டம் சரி. ஆயினும் சுற்றறிக்கை தடியைப் பறித்தபோது அதன் இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை என்ற ஆசிரியர்களின் முறைப்பாடு நியாயமானது. முரண்டு பிடிக்கும் பதின்மூன்று வயதுப் பையனைப் பற்றிப் பேச, தாயையும் வகுப்பாசிரியரையும் ஒரே மேசைக்கு அழைக்கும் வழக்கம் இருந்திருந்தால் பொலிஸ் நிலையம் முதல் சந்திப்பிடமாக ஆகியிருக்காது. பெற்றோரும் பாடசாலையும் உரசும் இன்னோர் இடமான காசு விடயத்தை நீட்ட வேண்டியதில்லை. கட்டாய வசூல் கூடாது என்பது விதி. நிழற்பிரதி, இல்ல விளையாட்டுப் போட்டி, வாணி விழா என்று சிறுசிறு தொகைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்று பாடசாலைக்கு வருவதில்லை.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவாகச் சொல்லக்கூடியது, தோட்டத்தில் அக்கறையற்ற பெற்றோர் உண்மையிலேயே இருக்கிறார்கள் என்பது. சம்பள நாளன்று சாராயக் கடைக்குப் போகும் பணம் கொப்பிக்கு வருவதில்லை. பதினான்கு வயதிலேயே பிள்ளையைக் கொழும்பு வீட்டு வேலைக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மறுக்க முடியாது. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்ந்தது, வேலைக்கான குறைந்த வயதும் பின்னர் அதற்கு ஏற்ப உயர்த்தப்பட்டது. சட்டம் இருந்தும் இடைவிலகல் நிற்கவில்லை. ஆனால் அக்கறையின்மை பொதுக் காரணமாக இருந்தால் இரண்டு விடயங்களை விளக்க முடியாது. ஒன்று, அதே பெற்றோர்தாம் மாதம்தோறும் பிரத்தியேக வகுப்புக்குக் காசு கட்டுகிறார்கள். புலமைப்பரிசில் ஆண்டு வந்துவிட்டால் மஸ்கெலியா நகரத்து டியூஷன் வகுப்புகளுக்குத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்து குவிகிறார்கள். மற்றது, அந்த ஆர்ப்பாட்டங்கள். கணித ஆசிரியர் வேண்டும் என்று ஒரு நாள் சம்பளத்தை விட்டு வாயிலில் நிற்பவரை அக்கறையற்றவர் என்று எப்படிச் சொல்வது? கூட்டத்துக்கு வராதவர் ஆர்ப்பாட்டத்துக்கு வருகிறார் என்றால், கூட்டத்தில் தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்று அவர் அனுபவத்தால் தெரிந்துவைத்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் ஆசிரியர்களிடமிருந்து வருவது: பெற்றோருக்கு அதிகாரம் கொடுத்தால் தோட்டத் தலைவர்மாரும் தொழிற்சங்கங்களும் பாடசாலைக்குள் புகுந்துவிடுவார்கள், அதிபர் யார் என்பதைக் கட்சி தீர்மானிக்கும். இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. நியமனங்களிலும் இடமாற்றங்களிலும் அரசியல் கை நீளுவது மலையகத்துக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் கை நீளுவது, பெற்றோருக்கு நேரடி வழி இல்லாததால்தான். தானே போய்க் கேட்க முடியாதவர் தலைவரிடம் சொல்கிறார். தலைவர் கட்சிக்காரரிடம் சொல்கிறார். வகுப்பறைக்குள் தீர்ந்திருக்க வேண்டியது தேர்தல் விவகாரமாகிறது. தமிழ்நாட்டில் 2009 கல்வியுரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2022இல் மாநிலம் முழுவதும் அக்குழுக்களைத் திருத்தியமைத்தபோது தலைவராக ஒரு தாயே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அங்கும் எல்லாம் சீராக நடக்கிறதென்று நான் சொல்ல வரவில்லை; தாய்க்கு அமரச் சட்டம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறேன். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1968இல் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் வறிய கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியின் இரண்டு பாடசாலைகளில் பெற்றோரையும் ஆசிரியரையும் ஒரே நிர்வாகக் குழுவில் உட்கார வைத்தார். முதலாண்டில் பெருங்குழப்பம், போகப்போக வரவும் அடைவும் உயர்ந்தன. நம்மிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. நடைமுறையில் அது சிரமதானத்துக்கு ஆள் சேர்ப்பதோடும் நிதி திரட்டுவதோடும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பெற்றோரின் உழைப்பு வேண்டும், கருத்து வேண்டாம் என்ற இந்தப் பழக்கம் துரை காலத்துப் பழக்கம்.

பெற்றோருக்கு இப்படி இடம் கொடுப்பதை ஆசிரியர்களின் சுமையைக் கூட்டும் யோசனை என்று தள்ளிவிடவும் கூடாது. 2021 ஜூலை முதல் ஒக்டோபர்வரை சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியிருந்தபோது தோட்டங்களில் கோபம் எழுந்தது. சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளுக்கு அந்தப் பாடமும் நின்றுபோனதே என்று பெற்றோர் நொந்தார்கள். ஆயிரம் ரூபாவுக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய தொழிலாளர்களும் நியாயமான சம்பளம் கேட்ட ஆசிரியர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள அதைவிட நல்ல தருணம் இருந்திருக்க முடியாது. பேச இடமில்லாததால் அது கைநழுவியது. வெற்றிடம் நிரப்பக் கோரி ஓர் ஆசிரியர் தனியாக எழுதும் கடிதத்தைவிட, நூறு பெற்றோர் கையொப்பத்தோடு பாடசாலையே அனுப்பும் கடிதம் ஹட்டனிலும் கண்டியிலும் கனமாக விழும். பெற்றோரை அருகில் வைத்திருப்பது ஆசிரியருக்கும் பாதுகாப்பு.

செய்ய வேண்டியதில் முதலாவது செலவில்லாதது. தவணைக்கு ஒரு கூட்டம் போயா நாளிலோ ஞாயிறு பிற்பகலிலோ, பாடசாலைக்குப் பதில் தோட்டத்து மண்டபத்தில் நடக்கட்டும். வரும் ஆசிரியர்களுக்கு வாரநாளில் ஈடான லீவு கிடைக்கட்டும். இரண்டாவதற்குச் சிறு செலவு உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கக் குறைந்தது நான்கு மணித்தியாலம் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று நம் சட்டம் தொழில்தருநரைக் கட்டாயப்படுத்துகிறது. அதே அளவு லீவை, தவணைக்கொரு அரைநாள் வீதம், பாடசாலை வயதுப் பிள்ளையுள்ள ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும் கூட்டு ஒப்பந்தத்தின் மூலமோ சம்பளச் சபை மூலமோ பெற்றுக்கொடுக்கலாம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாவை வைத்துக் கணக்கிட்டால் அதன் பாதி 675; மூன்று தவணைக்கு ஒருவருக்கு 2,025 ரூபா. கம்பனிகள் இதை மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும், ஏனெனில் அடுத்த தலைமுறை தோட்ட வேலைக்கு வருவதில்லை என்று கவலைப்படுகிறவர்களும் அவர்கள்தாம். ஹட்டன் கல்வி வலயத்தில், மஸ்கெலியாப் பகுதியின் சில பாடசாலைகளில் மட்டும் ஓராண்டு செய்து பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; வலயக் கல்விப் பணிப்பாளர், தோட்ட முகாமையாளர்கள், சங்கப் பிரதிநிதிகள் ஆகியோரின் ஒப்புதல் போதும். முதல் கூட்டத்துக்கு மூன்று தாள்கள் மேசையில் இருக்கட்டும்: எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எந்தெந்தப் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை, மருத்துவப் பரிசோதனையில் கண்ணுக்கும் காதுக்கும் துண்டு பெற்றவர்களில் யார் யார் இன்னும் வைத்தியசாலைக்குப் போகவில்லை.